கிழிந்த ஆடையும் கிழிந்த சுருளும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு தாய் காத்திருந்தார். (அவர் யாரெனத் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. முதல் ஓலை வாசிக்க இரண்டு வாரமே இருந்தது. வேறோர் ஊரில் நடந்த செபக் கூட்டத்துக்கு அவர் போயிருக்கிறார். அங்கே வந்திருந்த போதகர் ஒருவர் அவர் தலைமேல் கைவைத்து, "இந்தக் கல்யாணம் ஆண்டவருக்குச் சித்தமில்லை" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, ஓரிடத்தில் விரலை வைத்திருக்கிறார். அங்கும் அழிவைப் பற்றிய ஒரு வசனம். "ரெண்டும் ஒண்ணாத்தான் வந்திருக்கு சாமி. நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

நான் களைப்பாக இருந்தேன். "இதெல்லாம் குருட்டு நம்பிக்கை அம்மா, போய்க் கல்யாண வேலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் எதுவும் பேசாமல் போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடவுளின் திருவுளத்தை எப்படி அறிவது என்று கேட்டு வந்த ஒருவருக்கு, அறியும் வழியைச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டேனே என்ற உறுத்தல்தான் காரணம்.

அந்தத் தாயின் கேள்வி நம்மில் பலருடைய கேள்வி. இறைவாக்கினர் வழியாகக் கடவுள் பேசினார் என்று நம்புகிறோம். திருநூல் வழியாக இன்றும் பேசுகிறார் என்றும் நம்புகிறோம். அப்படியானால் அவர் காட்டும் வழியை எப்படிக் கண்டுகொள்வது? இதற்கு விடை தேட, விவிலியத்திலுள்ள ஒரு தந்தையின் கதையையும் அவர் மகனின் கதையையும் சேர்த்து வாசிப்போம்.

தீர்க்கதரிசியா? இறைவாக்கினரா?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பெரியவர்கள் 'தீர்க்கதரிசி' என்றார்கள். தொலைவில் உள்ளதைக் காண்பவர் என்பது அதன் பொருள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'இறைவாக்கினர்' என்று வாசிக்கிறோம். இறைவனின் வாக்கை எடுத்துரைப்பவர் என்பது இதன் பொருள். இஸ்ரயேலிலும் இத்தகைய மாற்றம் நடந்தது. பிற்காலத்தில் இறைவாக்கினர் எனப்பட்டவர் முற்காலத்தில் காட்சியாளர் எனப்பட்டார் என்று சாமுவேல் முதல் நூல் குறிப்பிடுகிறது (1 சாமு 9:9). அன்று சவுல் காணாமற்போன கழுதைகளைப் பற்றிக் கேட்கவே சாமுவேலிடம் போனார். அவர் பெற்றுக்கொண்டதோ ஓர் அழைப்பு.

விடுதலைப் பயண நூல் இதற்கு எளிய விளக்கம் தருகிறது. திக்குவாயரான மோசேக்கு ஆரோன் வாயாக இருப்பார், ஆரோன் மோசேயின் இறைவாக்கினராய் இருப்பார் (விப 4:16, 7:1-2). ஆக, இறைவாக்கினர் என்பவர் மற்றொருவருடைய வாய். நாளை நடக்கப்போவதை அவர் சில வேளைகளில் சொல்கிறார் என்பது உண்மையே. ஆனால் இன்று நாம் மனம் மாறவேண்டும் என்பதற்காகவே அதைச் சொல்கிறார். நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார் யோனா. மக்கள் மனம் மாறினார்கள், நினிவே அழியவில்லை. சோதிடம் பலித்தால்தான் வெற்றி. இறைவாக்கோ மனமாற்றத்தில் வெற்றி பெறுகிறது.

தந்தை: கிழிந்த ஆடை

யூதா நாட்டில் யோசியா எட்டு வயதில் அரசரானார். 31 ஆண்டுகள் ஆட்சி செய்தார். அவரது 18-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 622-ஐ ஒட்டி, எருசலேம் கோவிலில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. அப்போது தலைமைக் குரு இல்க்கியா ஒரு திருச்சட்ட நூலைக் கண்டெடுத்தார். அதை அரசரின் செயலர் சாப்பானிடம் கொடுத்தார். சாப்பான் முதலில் தாம் வாசித்தார். பிறகு அரசர் முன்னிலையில் வாசித்தார் (2 அர 22). அது இணைச்சட்ட நூலின் மையப் பகுதியாக இருக்கவேண்டும் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து.

கோவிலுக்குள்ளேயே திருச்சட்ட நூல் காணாமற்போயிருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பலிகள் நடந்தன, விழாக்கள் நடந்தன, குருக்கள் இருந்தார்கள். நூல் மட்டும் யார் கண்ணிலும் படாமல் எங்கோ கிடந்தது. நம் வீட்டுப் பீடத்தில் மாலை போட்டு வைத்திருக்கும் விவிலியம் என் நினைவுக்கு வருகிறது.

வாசிக்கக் கேட்டதும் யோசியா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். அக்காலத்தில் அது துயரத்தின், மனவருத்தத்தின் அடையாளம். "நம் முன்னோர் இப்படி இருந்துவிட்டார்களே" என்று அவர் கடந்துபோகவில்லை; அந்தச் சொற்கள் தம்மையும் தம் மக்களையும் சுட்டுவதாக ஏற்றுக்கொண்டார்.

அடுத்து அவர் செய்தது மிக முக்கியமானது. நூல் கையில் இருந்தும், அதன் பொருளைத் தாமே முடிவு செய்துகொள்ளவில்லை. ஆண்டவரின் திருவுளத்தைக் கேட்டு வரும்படி ஐந்து பேரை அனுப்பினார். அவர்கள் சென்றது குல்தா என்னும் பெண் இறைவாக்கினரிடம். அரசரின் ஆடைகளைக் காத்துவந்த சல்லூமின் மனைவி அவர். எரேமியா அழைப்புப் பெற்று அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் நாட்டின் தலைமைக் குருவும் அரசவைச் செயலரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே சென்றார்கள். எழுதப்பட்ட நூலும் உயிருள்ள இறைவாக்கும் அங்கே கைகோத்துக்கொண்டன. குல்தா நூலுக்குப் புறம்பாகப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. நூலில் உள்ளது இன்று உங்களுக்கு உரியது என்று உறுதிப்படுத்தினார்.

அவர் இனிப்பு தடவிப் பேசவும் இல்லை. நாட்டின் மீது வரவிருக்கும் அழிவு வரத்தான் போகிறது என்றார். அரசர் மனம் இளகித் தம்மைத் தாழ்த்தியதால், அவர் காலத்தில் அது வராது என்றார். இதைக் கேட்ட யோசியா, "எப்படியும் அழிவு வரத்தானே போகிறது, இனி என்ன செய்து என்ன பயன்?" என்று சோர்ந்துவிடவில்லை. சிறியோர் பெரியோர் அனைவரையும் கோவிலில் கூட்டி, நூல் முழுவதையும் வாசித்துக் காட்டி, உடன்படிக்கையைப் புதுப்பித்தார். பாஸ்கா விழாவைக் கொண்டாடச் செய்தார் (2 அர 23). பலனைக் கணக்குப் பார்க்காத கீழ்ப்படிதல் அது.

மகன்: கிழிந்த சுருள்

யோசியா கி.மு. 609-இல் மெகிதோவில் எகிப்திய மன்னன் நெக்கோவை எதிர்த்துச் சென்று இறந்தார். சில மாதங்களில் அவர் மகன் யோயாக்கிம் அரியணை ஏறினார். தந்தையின் வழி அவருக்குப் பிடிக்கவில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கிப் பெரிய மாளிகை கட்டினார். எரேமியா அவரைக் கண்டித்தபோது, ஏழை எளியோரின் வழக்கில் உன் தந்தை நீதி வழங்கினாரே, கடவுளை அறிவது என்பது அதுதானே என்று கேட்டார் (எரே 22:13-17).

யோயாக்கிமின் நான்காம் ஆட்சியாண்டில் ஆண்டவர் எரேமியாவுக்கு ஒரு கட்டளை கொடுத்தார். அதுவரை சொன்ன அனைத்தையும் ஏட்டுச்சுருள் ஒன்றில் எழுதவேண்டும். 23 ஆண்டுகளின் இறைவாக்கு அது! எரேமியா சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாரூக்கு மையினால் எழுதினார். எரேமியா கோவிலுக்குள் நுழையத் தடை இருந்தது. எனவே மறு ஆண்டு ஒன்பதாம் மாதத்தில், நோன்பு நாளன்று, பாரூக்கு அந்தச் சுருளைக் கோவிலுக்கு எடுத்துச்சென்று மக்கள் கேட்க வாசித்தார் (எரே 36).

திருநூல் எதற்காக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. இறைவாக்கினரின் கால் போகமுடியாத இடத்துக்கு அவர் வாக்கு போகிறது. ஆளைத் தடுக்கலாம், வாக்கைத் தடுக்கமுடியாது. எரேமியா இறந்து இத்தனை நூற்றாண்டுகள் ஆன பின்னும் நம் ஊர்க் கோவில் வாசகமேடையில் அவர் பேசுவது இந்த வழியாகத்தான்.

செய்தி அரண்மனைக்குப் போயிற்று. அது குளிர்காலம். அரசன் குளிர்கால மாளிகையில் அமர்ந்திருந்தான். எதிரே கணப்புச் சட்டியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. யெகுதி என்ற அலுவலர் வாசித்தார். மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிந்ததும் அந்தப் பகுதி எழுத்தரின் கத்தியால் அறுக்கப்பட்டு நெருப்பில் விழும். பிறகு அடுத்த பகுதி. இப்படிச் சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. அரசனோ அவன் பணியாளர்களோ அஞ்சவில்லை. தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று நூல் குறிப்பிடுகிறது.

ஆடையைப் பற்றி இங்கே ஏன் பேச்சு வரவேண்டும்? எபிரேய மூலத்தில் பார்த்தால் புரியும். யோசியா ஆடையைக் கிழித்ததற்கும், யோயாக்கிம் முன்னிலையில் சுருள் கிழிபட்டதற்கும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. தந்தையும் மகனும் அருகருகே நிறுத்தப்படுகிறார்கள். இருவருமே இறைவாக்கைக் கேட்டார்கள். இருவர் முன்னிலையிலும் ஏதோ ஒன்று கிழிந்தது. தந்தை தம்மைக் கிழித்துக்கொண்டார்; மகன் வாக்கைக் கிழித்தான்.

சகோதர சகோதரிகளே, இறைவார்த்தைக்கு முன் நமக்கும் இந்த இரண்டு வழிகள்தாம் உள்ளன. நாம் யாரும் விவிலியத்தை நெருப்பில் போடுவதில்லை. ஆனால் பிடித்த வசனத்தை வைத்துக்கொண்டு, பிடிக்காததை வெட்டிவிடுவது நமக்கும் பழக்கமே. ஆறுதல் தரும் பகுதியை அட்டையில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். கூலியாளின் சம்பளத்தைப் பற்றிய பகுதி, பகைவரை மன்னிப்பதைப் பற்றிய பகுதி, இவை எந்தச் சுவரிலும் இல்லை. கத்தி நம் கையிலும் இருக்கிறது.

எரிந்த சுருளோடு கதை முடியவில்லை. எரேமியா மறுபடியும் சொன்னார். பாரூக்கு மறுபடியும் எழுதினார். முன்பு இருந்தவற்றோடு அவை போன்ற இன்னும் பல சொற்களும் சேர்க்கப்பட்டன என்று முடிகிறது அந்த அதிகாரம். அரசன் எரித்தபின் சுருள் முன்னைவிட நீண்டது.

நடுவே ஒரு குடும்பம்

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் இணைக்கும் ஒரு குடும்பம் உண்டு. நாம் அதிகம் கவனிக்காத குடும்பம். அவர்கள் இறைவாக்கினரும் அல்லர், குருக்களும் அல்லர், அரசு அலுவலர்கள். இன்றைய சொல்லில் பொதுநிலையினர்.

யோசியாவுக்கு நூலை வாசித்துக்காட்டியவர் சாப்பான் என்று பார்த்தோம். குல்தாவிடம் சென்ற ஐவரில் சாப்பானும் அவர் மகன் அகிக்காமும் இருந்தார்கள். பின்னாளில் எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று கோவிலில் கூச்சல் எழுந்தபோது, அவரைக் கொலையாளிகளின் கையில் விடாமல் காத்தவர் இதே அகிக்காம் (எரே 26:24). சாப்பானின் மற்றொரு மகன் கெமரியா. பாரூக்கு சுருளை வாசித்தது இவருடைய அறையில்தான். அங்கே கேட்டுவிட்டு ஓடிச்சென்று அலுவலர்களுக்குச் சொன்னவர் கெமரியாவின் மகன் மீக்காயா. சுருளை எரிக்கவேண்டாம் என்று அரசனிடம் மன்றாடிய மூவரில் கெமரியாவும் ஒருவர். சாப்பானின் மகன் எலாசா, நாடுகடத்தப்பட்டோருக்கு எரேமியா எழுதிய மடலைப் பாபிலோனுக்கு எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் (எரே 29:3). அகிக்காமின் மகன் கெதலியா, நகரம் வீழ்ந்தபின் எரேமியாவுக்கு அடைக்கலம் தந்தவர்.

மூன்று தலைமுறை! வாசிப்பது, கேட்பது, இடம் கொடுப்பது, எடுத்துச்செல்வது, காப்பாற்றுவது. இவைதாம் அவர்கள் செய்தவை. இவர்கள் இல்லையென்றால் எரேமியாவின் குரல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்குமா?

1982-இல் எருசலேமில் தாவீதின் நகர் எனப்படும் பகுதியில் தொல்லியலாளர் யிகால் சீலோ தலைமையில் அகழாய்வு நடந்தது. அப்போது ஒரு வீட்டில் ஏறத்தாழ ஐம்பது களிமண் முத்திரைகள் கிடைத்தன. பத்திரங்களைச் சுருட்டிக் கட்டி அதன் மேல் இடப்பட்டவை அவை. அவற்றுள் ஒன்றில் 'சாப்பானின் மகன் கெமரியா' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. நாம் வாசிக்கும் கெமரியாவே அவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.மு. 586-இல் பாபிலோனியர் நகருக்கு இட்ட தீயில் பத்திரங்கள் எரிந்துபோயின. பச்சைக் களிமண் முத்திரைகளோ சுட்ட செங்கல் போல இறுகி நிலைத்துவிட்டன. சுருளை எரிக்காதீர் என்று கெஞ்சியவரின் பெயரைத் தீயே நமக்குக் காத்துக் கொடுத்திருக்கிறது.

இருவரும் ஆண்டவர் பெயரால் பேசினால்?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு நெருங்கி வருவோம். ஆண்டவர் சொல்கிறார் என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடலாமா? இதுவும் எரேமியாவின் காலத்திலேயே எழுந்த சிக்கல்.

செதேக்கியா அரசரின் காலம். மக்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார்கள். எரேமியா கழுத்தில் மர நுகத்தைச் சுமந்துகொண்டு, பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்று சொல்லிவந்தார். கிபயோனைச் சேர்ந்த அனனியா என்ற இறைவாக்கினர் கோவிலில் எழுந்து, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்களும் போன பாத்திரங்களும் திரும்பிவரும் என்று ஆண்டவர் பெயராலேயே அறிவித்தார் (எரே 28). கூட்டத்துக்கு எது இனித்திருக்கும்?

எரேமியாவின் மறுமொழி வியப்புக்குரியது. முதலில் "ஆமென்" என்றார். அப்படியே நடக்கட்டும் என்பதுதான் அவருடைய விருப்பமும். ஆனால் முற்கால இறைவாக்கினரின் சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். எரேமியா சண்டை போடவில்லை; தம் வழியே போய்விட்டார். பிறகு ஆண்டவரின் வாக்கு வந்தபோதுதான் திரும்பி வந்து பேசினார். உண்மையான இறைவாக்கினருக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது! எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருப்பவரைக் கண்டால் நாம் சற்றுத் தயங்கவேண்டும்.

புத்தாண்டுத் திருப்பலி முடிந்ததும் பல பங்குகளில் வசன அட்டை எடுக்கிறோம். நம் நலனுக்கான திட்டங்களை ஆண்டவர் வைத்திருக்கிறார், வளமான எதிர்காலத்தைத் தருவார் என்னும் எரேமியா 29:11 வந்துவிட்டால் முகம் மலர்கிறது. எலாசா பாபிலோனுக்கு எடுத்துச்சென்ற மடலில் உள்ள வசனம்தான் அது. அதற்கு முந்தைய வசனத்தை எத்தனை பேர் வாசிக்கிறோம்? எழுபது ஆண்டுகள் கழிந்தபின் என்று அங்கே இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், உங்களை அடிமைப்படுத்திய நகருக்காகவும் மன்றாடுங்கள் என்பது அந்த மடலின் வழிகாட்டல். அட்டையில் வந்த வாக்குறுதி பொய்யல்ல. ஆனால் அதைத் தாங்கி நிற்பது எழுபது ஆண்டுப் பொறுமை. அட்டையில் அதற்கு இடம் போதவில்லை.

முடிவெடுத்தபின் கேட்பவர்கள்

மற்றொரு நிகழ்ச்சி. நகரம் வீழ்ந்தது, ஆளுநர் கெதலியா கொல்லப்பட்டார். எஞ்சிய மக்கள் பயந்துபோய் எரேமியாவிடம் வந்தார்கள். எங்களுக்காக மன்றாடும், நல்லதோ கெட்டதோ ஆண்டவர் சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்றார்கள். பத்து நாள்களுக்குப் பின் வாக்கு வந்தது (எரே 42:7). எகிப்துக்குப் போகாதீர்கள், இந்த நாட்டிலேயே இருங்கள் என்பதே அது. உடனே அவர்கள், நீ பொய் சொல்கிறாய், பாரூக்குதான் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்றார்கள். எகிப்துக்கே போனார்கள்; எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் எரேமியாவிடம் வருமுன்பே எகிப்துக்குப் போகும் வழியில் தங்கியிருந்தார்கள் (எரே 41:17). மூட்டை கட்டிய பிறகுதான் வழி கேட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வழிகாட்டல் அல்ல, ஒப்புதல் முத்திரை. செபத்தில் நாம் கேட்பவற்றில் எத்தனை இப்படிப்பட்டவை என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

இயேசுவும் திருச்சபையும்

பல முறை, பல வகைகளில் இறைவாக்கினர் வழியாகப் பேசிய கடவுள் இறுதியில் தம் மகன் வழியாகப் பேசினார் என்று எபிரேயர் திருமுகம் தொடங்குகிறது. அந்த மகனும் நாசரேத்து தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருளைக் கையில் வாங்கி வாசித்தார். இந்த மறைநூல் வாக்கு இன்று நிறைவேறிற்று என்றார் (லூக் 4). அன்றும் கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். முதலில் வியந்தார்கள், தங்களைச் சுட்டியபோது மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உயிர்த்த பின் எம்மாவு வழியில், மோசே முதல் இறைவாக்கினர் அனைவரின் நூல்களையும் அவரே விளக்கினார்.

எத்தியோப்பிய அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்தார்; விளக்குவார் இல்லாமல் எப்படிப் புரியும் என்று கேட்டார் (திப 8). பிலிப்பு ஏறி அருகில் அமர்ந்தார். யோசியாவுக்குக் குல்தா போல, அவருக்குப் பிலிப்பு. இறைவாக்கைப் புறக்கணிக்கவேண்டாம், ஆனால் அனைத்தையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று தெசலோனிக்கருக்கு எழுதுகிறார் பவுல் (1 தெச 5:20-21). ஒருவர் இறைவாக்கு உரைத்தால் மற்றவர்கள் ஆய்ந்து பார்க்கவேண்டும் என்றும், இறைவாக்கு பிறரைக் கட்டியெழுப்பி, ஊக்கமும் ஆறுதலும் தரவேண்டும் என்றும் கொரிந்தியருக்குச் சொல்கிறார் (1 கொரி 14).

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் இதையே கற்பிக்கிறது. திருநூலை வாசிக்கும்போது ஆசிரியரின் கருத்தையும் இலக்கிய வகையையும் பார்க்கவேண்டும். திருநூல் முழுவதன் ஒருமைப்பாட்டையும் திருச்சபையின் வாழும் மரபையும் கருத்தில் கொள்ளவேண்டும். கிறிஸ்துவில் முழுமை பெற்ற வெளிப்பாட்டுக்கு இனி எந்தப் புதிய 'வெளிப்பாடும்' கூடுதலாகத் தேவையில்லை. திருச்சபையின் ஆசிரியமும் இறைவார்த்தைக்கு மேற்பட்டது அன்று, அதற்குப் பணிபுரிவதே. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஆண்டின் பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தியதும் நாம் இவ்வார்த்தையோடு நெருங்கி வாழவேண்டும் என்பதற்காகவே.

எனவே, ஆண்டவர் பெயரால் ஒரு வாக்கு நம்மிடம் வரும்போது, அது மேடையிலிருந்து வந்தாலும், விரல் வைத்த வசனமாக வந்தாலும், என் மறையுரையாகவே வந்தாலும், ஐந்து கேள்விகளைக் கேட்போம்.

1. திருநூல் முழுவதோடும், சிறப்பாக நற்செய்தியோடும் இது ஒத்துப்போகிறதா? அடையாளம் பலித்தாலும் ஆண்டவரை விட்டு விலக்கினால் ஏற்காதே என்கிறது இணைச்சட்டம் (13:1-3).

2. இது என்னை மாறச் சொல்கிறதா? அல்லது என்னை மகிழ்விக்கவோ அச்சுறுத்தவோ மட்டும் செய்கிறதா?

3. ஏழைக்கும் வலுவற்றவருக்கும் இதனால் நீதி கிடைக்குமா?

4. நம்பிக்கையில் முதிர்ந்த பிறரோடு கலந்து பேசினேனா? குல்தாவையும் பிலிப்பையும் தேடினேனா?

5. பத்து நாள் காத்திருக்க நான் தயாரா?

அந்தத் தாயின் வீட்டில்

மறுநாள் காலையில் நானே அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மகளையும் உடன் இருக்கச் சொல்லி, எரேமியா 28-ஆம் அதிகாரத்தை மூவரும் சேர்ந்து வாசித்தோம். "உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல என்ன பயம் அம்மா?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தவர் அழுதுவிட்டார். நிச்சயம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பத்துப் பவுன் கேட்டிருக்கிறார்கள். மகளுக்குத் தெரிந்தால் திருமணமே வேண்டாம் என்பாள், ஊரில் அவமானம். யாரிடமும் சொல்லமுடியாமல் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பயத்துக்குத்தான் போதகரின் வார்த்தை வாய் கொடுத்தது.

அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவரின் வாக்கு இல்லாமல் இல்லை. கூலி கொடுக்காமல் மாளிகை கட்டிய யோயாக்கிமுக்கு எரேமியா சொன்னதே போதுமானது. பிறர் கண்ணீரில் வீடு கட்டாதே என்பது எழுதியே இருக்கிறது. அது கேட்க வேண்டிய வீடு வேறு. மகள் அன்றுதான் எல்லாவற்றையும் அறிந்தாள். "நானே அவர்கிட்ட பேசுறேன் சாமி" என்றாள். அவளும் பேசினாள், நானும் அந்த வீட்டுப் பெரியவர்களோடு பேசினேன். அது எளிதாக இருக்கவில்லை. மாப்பிள்ளை தம் பெற்றோரிடம் முதல் முறையாக எதிர்த்துப் பேசினாராம். கேட்ட நகை கைவிடப்பட்டது. முதல் ஓலை ஒரு மாதம் தள்ளி வாசிக்கப்பட்டது.

யோசியாவின் காலத்தில் அழிவு தள்ளிப்போனதே தவிர நீங்கவில்லை. இந்தக் குடும்பத்திலும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அந்த வீட்டில் விவிலியம் விரல் வைப்பதற்காகத் திறக்கப்படவில்லை, கேட்பதற்காகத் திறக்கப்பட்டது. முந்தின நாள் மாலை சுருளை வெட்டியவன் நானும்தான் என்பது எனக்கு அங்கே தெரிந்தது.

அன்புக்குரியவர்களே, திருமுழுக்கின்போது கிறிஸ்மா எண்ணெய் பூசப்பட்ட நாம் கிறிஸ்துவின் குருத்துவ, இறைவாக்கு, அரச பணிகளில் பங்குபெறுகிறோம். எல்லாரும் எரேமியா ஆகமுடியாது. சாப்பானின் வீட்டாராக எல்லாராலும் இருக்கமுடியும். அன்பியக் கூட்டத்தில் வாசகத்தைத் தெளிவாக வாசிப்பவர், பேரப்பிள்ளைக்கு ஒரு விவிலியக் கதையைச் சொல்லும் பாட்டி, உண்மை பேசுபவரை ஊர் ஒதுக்கும்போது அவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவர், இவர்கள் எல்லாரும் அந்த வீட்டாரே.

நம் சிந்தனைக்கு

1. நம் வீட்டு விவிலியம் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது? எதற்காக?

2. விவிலியத்தில் நான் வெட்டிவிட்டுத் தாண்டிப்போகும் பகுதி எது?

3. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, ஆண்டவரிடம் ஒப்புதல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் காரியம் ஏதேனும் என் வாழ்வில் உண்டா?

செபிப்போம்

பேசும் இறைவா, உம் வாக்கை எங்களுக்கு எழுதிக் கொடுத்தீர். அதை விளக்குவோரையும் அனுப்பினீர். எங்களுக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும் காதுகளை மாற்றியருளும். உம் சொல்லை வெட்டும் கத்தியை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். பத்து நாளானாலும் எழுபது ஆண்டானாலும் உமக்காகக் காத்திருக்கும் பொறுமையைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.